ரசிகர்களின் கோபத்துக்கும் ஒரு நியாயம் உண்டு

‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற வீடியோ கேம் 2012 மார்ச் 6 அன்று வெளியானது. அடுத்த சில வாரங்களில் அதன் முடிவைக் குறித்து ரசிகர்கள் நடத்திய வாதம், கதைகளுக்கும் அவற்றை நேசிப்பவர்களுக்கும் இடையிலான உறவைப் பற்றி வேறெந்த நிகழ்வையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இன்றும் கேமிங் வட்டாரத்தில் அந்தப் பெயரை எடுத்தால், ரசிகர்கள் அழுது அடம்பிடித்து முடிவை மாற்ற வைத்த கேம் என்றுதான் பலர் நினைவுகூர்கிறார்கள். அந்தச் சித்திரம் நடந்ததற்கு நீதி செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்க வேண்டுமானால் கதையின் முடிவை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இன்னும் விளையாடாதவர்கள் விளையாடி முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கனடாவின் எட்மண்டன் நகரில் மருத்துவம் படித்தவர்கள் சிலர் 1995 இல் தொடங்கிய பயோவேர் நிறுவனம்தான் இந்தத் தொடரை உருவாக்கியது. முதல் பாகம் 2007 நவம்பரிலும் இரண்டாம் பாகம் 2010 ஜனவரியிலும் வந்தன. கமாண்டர் ஷெப்பர்ட் என்ற போர்வீரரை ஆணாகவோ பெண்ணாகவோ நாமே உருவாக்கிக்கொள்கிறோம். நார்மண்டி என்ற விண்கலத்தில் பல இனத்தவரைத் தோழர்களாகச் சேர்த்துக்கொள்கிறோம். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, முன்னேறிய நாகரிகங்களைப் பயிரைப் போல அறுவடை செய்துவிட்டுப் போகும் ரீப்பர்கள் என்ற இயந்திர இனத்தை எதிர்த்து நிற்கிறோம். விண்வெளிப் போர்க் கதைகளுக்குப் பஞ்சமே இல்லாத உலகில் இந்தத் தொடர் தனித்து நின்றதற்குக் காரணம், ஒரு பாகத்தில் நாம் எடுத்த முடிவுகள், ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் ஃபைல் வழியாக அடுத்த பாகத்துக்கும் நம்முடனேயே வந்ததுதான்.

முதல் பாகத்தில் விர்மயர் என்ற கிரகத்தின் கடற்கரையில், க்ரோகன் இனத்தவரான ரெக்ஸ் நம்மை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துவார். அவருடைய இனத்தைப் பிறப்பிலேயே அழிக்கும் நோய்க்கு மருந்து இருக்கும் இடத்தை நாம் தகர்க்கப் போகிறோம் என்பது அவருடைய கோபம். சரியாகப் பேசித் தணித்தால் அவர் பிழைப்பார். தவறினால் அந்த மணலிலேயே விழுவார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு வந்த மூன்றாம் பாகத்தில், க்ரோகன்களின் தலைவராக நிதானமும் தொலைநோக்கும் கொண்ட ரெக்ஸ் நிற்கிறாரா, அல்லது பழிவாங்கத் துடிக்கும் அவருடைய சகோதரர் நிற்கிறாரா என்பது அந்தக் கடற்கரை உரையாடலைப் பொறுத்தது. ஒரு ரசிகர் இந்தத் தொடரோடு கொண்ட உறவு, ஒரு நாவலோடு வாசகர் கொள்ளும் உறவைவிட வேறு வகையானது. அவர் சில பொறுப்புகளைச் சுமந்துகொண்டு மூன்றாம் பாகத்துக்குள் நுழைந்தார்.

அந்தப் பொறுப்பு மிக அழகாகப் பலன் தரும் இடம் ரன்னாக் என்ற கிரகத்தில் வருகிறது. குவேரியன்கள் தங்கள் வேலைகளுக்காகப் படைத்த கெத் என்ற இயந்திரங்கள் சிந்திக்கத் தொடங்கியதும், அஞ்சிப்போய் அவற்றை அழிக்க முயன்று, தோற்று, சொந்தக் கிரகத்தை இழந்து, மூன்று நூற்றாண்டுகளாகக் கப்பல்களிலேயே அலைபவர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிப்போனதால் முகமூடியும் கவச உடையும் இல்லாமல் அவர்களால் வாழ முடியாது. முந்தைய பாகத்திலும் இந்தப் பாகத்திலும் பல முடிவுகளைச் சரியாக எடுத்திருந்தால் மட்டுமே, படைத்தவர்களுக்கும் படைக்கப்பட்டவற்றுக்கும் இடையே சமாதானம் செய்துவைக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும். அப்படிக் கிடைத்த பிறகு, நம் தோழி டாலி மூன்று நூற்றாண்டுகளாகத் தன் மக்கள் காணாத மண்ணில் நின்று, முகமூடியை ஒரு நிமிடம் கழற்றி அந்தக் காற்றைச் சுவாசிக்கும் காட்சி, வீடியோ கேம் என்ற வடிவத்தால் மட்டுமே தரக்கூடிய நிறைவைத் தருகிறது. அந்தச் சமாதானம் நாம் பார்த்த சம்பவமாக அல்லாமல் நாம் உழைத்துப் பெற்றதாக மனத்தில் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறேன். லண்டனின் இடிபாடுகளுக்கு நடுவே நடக்கும் கடைசிப் போரில் குற்றுயிராகி விண்வெளி நிலையத்தை அடையும் ஷெப்பர்டின் முன்னால், ஒளிரும் சிறுவன் உருவில் ஒரு செயற்கை நுண்ணறிவு தோன்றுகிறது. ரீப்பர்களைத் தானே இயக்குவதாகவும், படைக்கப்பட்ட இயந்திரங்கள் படைத்த உயிர்களை என்றைக்காவது அழித்தே தீரும் என்பதால், அதைத் தடுக்கவே இந்த அறுவடை என்றும் அது சொல்கிறது. மேலே சொன்ன சமாதானத்தைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் செய்துவைத்துவிட்டு வந்திருக்கும் ஷெப்பர்ட், “அது பொய், நான் என் கண்ணால் பார்த்தேன்” என்று சொல்வதற்கு அந்த உரையாடலில் இடமே வைக்கப்படவில்லை. ரீப்பர்களை அழிக்கலாம், கட்டுப்படுத்தலாம், எல்லா உயிர்களையும் இயந்திரங்களோடு கலந்துவிடலாம் என்று மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. எதைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான் ஓடுகிறது. அழித்தால் சிவப்பு ஒளி, கட்டுப்படுத்தினால் நீல ஒளி, கலந்தால் பச்சை ஒளி, வேறுபாடு அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்தவை இன்னும் குழப்பமானவை. நட்சத்திர மண்டலங்களை இணைக்கும் மாஸ் ரிலேக்கள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. ஒரு ரிலே வெடித்தால் அந்த மண்டலமே அழியும் என்று இரண்டாம் பாகத்தின் கூடுதல் அத்தியாயம் ஒன்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அப்படியானால் நாம் காப்பாற்றியவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்களா? நார்மண்டி போர்க்களத்தை விட்டு ஏன் ஓடுகிறது? லண்டனில் நம் பக்கத்தில் நின்று போரிட்ட தோழர்களே, வேறேதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்த அந்தக் கப்பலின் கதவைத் திறந்துகொண்டு எப்படி வெளியே வருகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு எந்த விடையும் தராமல் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தது. அதற்கும் பிறகு, ஷெப்பர்டின் புகழை மேலும் வளர்க்கக் கூடுதல் அத்தியாயங்களைத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஓர் அறிவிப்புத் திரையில் வந்தது. துக்க வீட்டில் கடை விரித்ததைப் போன்ற அந்த அறிவிப்பு, பலருடைய வருத்தத்தைக் கோபமாக மாற்றியது என்பதில் எனக்கு வியப்பில்லை.

வெளியீட்டுக்கு முன் தந்த நேர்காணல்களில் இயக்குநர் கேசி ஹட்சன், முதல் முடிவு, இரண்டாம் முடிவு, மூன்றாம் முடிவு என்று எண்ணிச் சொல்லக்கூடிய வழக்கமான முடிவுகளாக இவை இருக்காது என்ற பொருளில் பேசியிருந்தார். வந்ததோ எண்ணிச் சொல்லக்கூடிய மூன்றே முடிவுகள். அவற்றோடு வேறு சில உறுத்தல்களும் இருந்தன. கதையின் மர்மங்களோடு நேரடித் தொடர்புள்ள ஒரு தோழர், வெளியான அன்றே பத்து டாலருக்குத் தனியாக விற்கப்பட்டார். மிகச் சிறந்த முடிவைப் பெற, விரும்பாதவர்களும் பலர் சேர்ந்து விளையாடும் மல்ட்டிபிளேயர் பகுதிக்குள் போக வேண்டியிருந்தது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘ரீடேக் மாஸ் எஃபெக்ட்’ என்ற பெயரில் திரண்டவர்கள், தங்கள் கோரிக்கையை மரியாதையோடு கவனப்படுத்த, மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் தரும் ‘சைல்ட்ஸ் ப்ளே’ என்ற அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார்கள். எண்பதாயிரம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. பணம் கொடுத்தால் புதிய முடிவு கிடைக்கும் என்று சிலர் தவறாக எண்ணத் தொடங்கியதால், அறக்கட்டளையின் வேண்டுகோளை ஏற்று அதை நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர் பணம் போட்டு 402 கப்கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வண்ணங்கள்; கடித்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே சுவை. ஒரு படைப்பின் குறையை இதைவிடச் சுருக்கமாகவும் இனிமையாகவும் எந்த விமர்சகரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நிறுவனம் அவற்றை நகரில் இருந்த இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது.

இன்னொரு கூட்டம் முடிவை வேறுவிதமாகப் படித்துக் காட்டியது. ரீப்பர்களுக்கு அருகில் நெடுநாள் இருப்பவர்களின் மனம் மெல்ல அவற்றின் வசமாகிவிடும் என்பது முதல் பாகத்திலிருந்தே கதையில் உண்டு. லண்டனில் அடிபட்டு விழுந்தபின் நடப்பவை எல்லாம் ஷெப்பர்டின் மனத்துக்குள் நடக்கும் போராட்டமே என்று இவர்கள் வாதிட்டார்கள். கனவுக் காட்சிகளில் வரும் மரங்கள் கடைசிக் களத்திலும் ஏன் தெரிகின்றன, அந்தச் சிறுவனை ஷெப்பர்டைத் தவிர வேறு யாரும் ஏன் பார்ப்பதே இல்லை, சுட்டுத் தீராத துப்பாக்கி எப்படி வந்தது என்று ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்து, நீண்ட காணொளிகளை வெளியிட்டார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதியிருந்தால் அதற்கான திறவுகோலைக் கதைக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒரு பனுவலை இவ்வளவு அக்கறையோடு படித்தவர்களை அடம்பிடிக்கும் குழந்தைகள் என்று ஒதுக்குவது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

அன்றைய கேமிங் ஊடகங்களில் ஒரு பகுதி அப்படித்தான் ஒதுக்கியது. படைப்பு கலைஞனுக்குச் சொந்தம், வாங்கியவனுக்கு அதில் பேச உரிமை இல்லை என்று எழுதினார்கள். படைப்பாளியின் சுதந்திரத்தை நானும் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் உன் தேர்வுகளே இந்தக் கதை என்று மூன்று பாகங்களிலும் சொல்லி விற்றவர்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தனித்த கலைஞனின் உரிமையைக் கோருவது பொருந்தவில்லை. மறுபக்கத்தில் எல்லை மீறியவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்குப் புகார் அனுப்பினார். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையத்துக்குப் போன புகார், விளம்பரங்கள் மக்களை ஏமாற்றவில்லை என்று தள்ளப்பட்டது. ஏமாற்றம் தந்த கதையை நுகர்வோர் வழக்காக்குவது, அதைக் கதையாகவே மதிக்காத செயல். இவற்றையெல்லாம்விடக் கொடியது, அந்த ஆண்டு பிப்ரவரியில், கேம் வெளிவரும் முன்பே, அதே நிறுவனத்தின் வேறொரு தொடரில் பணியாற்றிய பெண் எழுத்தாளரைச் சிலர் கும்பலாகச் சேர்ந்து வசைபாடியது. அதை ரசிகர் எதிர்வினை என்ற பெயரால் அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனம் பதில் சொன்னது. துணை நிறுவனர் ரே முசிக்கா 2012 மார்ச் மாதத்திலேயே ரசிகர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். முடிவை விரிவாக்கித் தரப்போவதாக ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. ஜூன் 26 அன்று ‘எக்ஸ்டெண்டட் கட்’ இலவசமாக வெளியானது. முடிவை மாற்றிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இதை விளையாடிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்தச் சிறுவன் அப்படியே இருக்கிறான். மூன்று வழிகளும் அப்படியே இருக்கின்றன. சேர்க்கப்பட்டவை ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்கான விடைகள். லண்டனில் காயமடைந்த தோழர்களை ஏற்றிச்செல்ல நார்மண்டி கீழே இறங்கி வருகிறது. பிரியும் முன் ஷெப்பர்டும் அவர்களும் பேசிக்கொள்கிறார்கள். ரிலேக்கள் அடியோடு அழியாமல் சேதமடைவதாகக் காட்டப்படுகிறது. சிறுவனிடம் கேள்வி கேட்கக் கூடுதலான வழி திறக்கிறது. மூன்று வழிகளையும் மறுத்துவிடும் நான்காவது வழியும், அதற்குரிய விலையோடு, உண்டு. எல்லாம் முடிந்தபின், க்ரோகன்கள் என்ன ஆனார்கள், குவேரியன்களும் கெத்தும் என்ன ஆனார்கள் என்று நம் தேர்வுகளின் விளைவுகளைக் காட்டும் காட்சிகள் வருகின்றன. உறுத்திய அந்த விளம்பர அறிவிப்பும் மாற்றி எழுதப்பட்டது. குறிப்பாகக் கேட்கப்பட்டதால்தான் குறிப்பாகப் பதில் சொல்ல முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

இதே அளவுகோலைத் தொலைக்காட்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். எச்பிஓவின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2019 மே 19 அன்று முடிந்தது. கடைசி சீசனைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்ற இணைய மனுவில் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அந்த சீசனின் மீது எனக்கும் வருத்தம் உண்டு. ஆரம்ப சீசன்களுக்குத் தலா பத்து எபிசோட்கள் இருந்தன; கடைசிக்கு ஆறுதான். அடிமைகளை விடுவித்த டெனெரிஸ் சரணடைந்த நகரத்தை எரிப்பவளாக மாறுவது நம்ப முடியாத திருப்பமல்ல. அந்த மாற்றம் மனத்தில் படிய வேண்டிய நேரத்தைக் கதை அவளுக்குத் தரவில்லை. ஆனால் மனுவில் இருந்த கோரிக்கை இதையெல்லாம் சொல்லவில்லை. கோடிக்கணக்கான டாலர் செலவில், நூற்றுக்கணக்கானவர்கள் இரவு பகலாகப் படம்பிடித்ததை அழித்துவிட்டு, வேறு யாராவது எழுதட்டும் என்றது. எவராலும் நிறைவேற்ற முடியாத அந்தக் கோரிக்கை யாருடைய கையிலும் பொறுப்பை வைக்காமலேயே கரைந்துபோனது. அதே ஆண்டு எம்மி விருதுகளில் அந்தத் தொடர் 32 பரிந்துரைகளைப் பெற்று, சிறந்த நாடகத் தொடருக்கான விருதையும் வென்றது.

அந்த ஜூலையில், காமிக்ஸ், திரைப்பட, தொலைக்காட்சி ரசிகர்கள் கூடும் சான் டியேகோ காமிக்-கான் மாநாட்டில் நடந்ததைத்தான் நான் மறக்க முடியாததாகக் கருதுகிறேன். ஏறக்குறைய 6,500 பேர் அமரக்கூடிய ஹால் எச் என்ற பெரிய அரங்கில் இடம்பிடிக்க, ரசிகர்கள் முந்தைய இரவே வெளியே படுத்துக் காத்திருப்பது அங்கே வழக்கம். தொடரை எழுதி நடத்திய இருவரும் கடைசி நேரத்தில் வரவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். எழுதாத வசனங்களுக்கும் தீர்மானிக்காத முடிவுகளுக்கும் நடிகர்களே மேடையில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ரசிகர்கள் தங்கள் கோபத்தைச் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதைப் போலவே, முடிவெடுத்தவர்களும் அந்தக் கோபத்தின் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

தவறான ஆளைத் தாக்கியதற்கு இதைவிட மோசமான உதாரணம் மறு ஆண்டே வந்தது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ என்ற கேம் 2020 ஜூன் 19 அன்று வெளியானது. கதையின் முக்கியத் திருப்பங்கள் ஏப்ரலிலேயே கசிந்திருந்தன. முடிக்க இருபத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் தேவைப்படும் அந்த கேமுக்கு, வெளியான சில மணி நேரத்துக்குள் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பூஜ்யங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றை இட்டவர்களில் பலர் கதையின் பாதியைக்கூடத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதமே அந்தத் தளம், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் இடலாம் என்று விதியை மாற்றியது. ஆபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவற்றை அவரே பொதுவெளியில் காட்டினார். அந்த ஆண்டின் இறுதியில், அதே பாத்திரத்துக்காக கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதைப் பெற்றவரும் அவர்தான். நாம் வெறுக்கத் தொடங்கும் ஒருத்தியின் உடலுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்து, அவள் பக்கத்திலிருந்தும் உலகைப் பார்க்கச் செய்வதுதான் அந்த கேமின் நோக்கமே. பாதியில் விட்டவர்கள் அந்த நோக்கத்தைச் சந்திக்கவே இல்லை.

ரசிகர்கள் ஒழுங்கோடு செயல்பட்டால் என்னவெல்லாம் முடியும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரிடம். இந்தியாவில் அதை 1980களில் தூர்தர்ஷனின் ஞாயிறு காலைகளில் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் அது 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. இரண்டாம் சீசன் நடக்கும்போதே அதை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், பீஜோ டிரிம்பிளும் அவருடைய கணவர் ஜானும் கடிதப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பத்துப் பேரை எழுதச் சொல், அந்தப் பத்துப் பேரிடமும் ஆளுக்குப் பத்துப் பேரை எழுதச் சொல்லச் சொல் என்பது பீஜோவின் விதி. அச்சடித்த ஒரே படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பக் கூடாது; ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தைகளில், மரியாதை குறையாமல் எழுத வேண்டும். உறையின் மேல் தொடரின் பெயரை எழுதக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. எழுதினால், தொலைக்காட்சி நிலையத்தில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் ரசிகர் கடிதங்களைக் கவனிக்கும் இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கணினியோ இணையமோ இல்லாத காலத்தில், ஓர் அலுவலகத்தின் தபால் எந்த மேசைக்குப் போகிறது என்பதைக்கூட யோசித்துச் செயல்பட்ட அந்த அறிவு என்னைப் பெரிதும் கவர்கிறது.

லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் குவிந்தன. 1968 ஜனவரியில் கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் பர்பாங்க் நகரில் இருந்த என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். மார்ச் 1 அன்று ஒரு எபிசோட் முடிந்ததும், தொடர் அடுத்த ஆண்டும் வரும் என்று நிலையமே திரையில் அறிவித்தது. ஆனால் மூன்றாம் சீசனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டிலேயே இருக்காத நேரம் அது. பணமும் குறைந்தது, 1969 இல் தொடர் நின்றுபோனது. ரசிகர்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்வாருண்டு. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் இரண்டு சீசன்களில் 55 எபிசோட்கள்தான் இருந்தன. மூன்றாவதால் அது 79 ஆனது. உள்ளூர் நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாளும் மறுஒளிபரப்பினால் 55 எபிசோட்கள் பதினொரு வாரத்தில் தீர்ந்துவிடும். 79 என்றால் ஏறக்குறைய பதினாறு வாரம் ஓடும். அந்த மறுஒளிபரப்புகளில்தான் ‘ஸ்டார் ட்ரெக்’ தன் உண்மையான கூட்டத்தைக் கண்டடைந்தது. கடிதம் எழுதியவர்கள் வாங்கிக் கொடுத்த அந்த 24 எபிசோட்கள், தரத்தில் முந்தையவற்றுக்கு நிகரானவையாக இல்லாவிட்டாலும், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளமாயின.

1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டேட்லர் ஹில்டன் ஹோட்டலில் ரசிகர்கள் கூட்டிய மாநாட்டை அந்த அடித்தளத்தின் மேல் எழுந்த முதல் கட்டடம் என்று சொல்லலாம். நடத்தியவர்களில் பெண்களே முன்னணியில் நின்றார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும், எழுத்தாளர் ஐசக் அசிமோவும் வந்திருந்தார்கள்; நாசா காட்சிப் பொருள்களை அனுப்பியிருந்தது. நின்றுபோன ஒரு தொடருக்கு இத்தனை பேரா என்று தயாரிப்பு நிறுவனங்கள் திரும்பிப் பார்த்தன. 1976 இல், முதல் விண்வெளி ஓடத்துக்கு, தொடரில் வரும் விண்கலத்தின் ‘எண்டர்பிரைஸ்’ என்ற பெயரை வைக்கச் சொல்லி ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களைக் குவித்தார்கள், பெயரும் வைக்கப்பட்டது. தொடரில் உஹுரா என்ற விண்கல அதிகாரியாக நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கோல்ஸ், 1975 இல் சிகாகோவில் நடந்த ரசிகர் மாநாடு ஒன்றில் நாசா விஞ்ஞானி ஒருவரின் உரையைக் கேட்டு, தன்னைப் போன்றவர்கள் ஏன் அந்த நிறுவனத்தில் தென்படவில்லை என்று கேட்கத் தொடங்கினார். 1977 இல் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்ணப்பிக்க அழைக்கும் பணியை ஏற்றார். 1978 இல் தேர்வான 35 பேரில் சாலி ரைடு உட்பட ஆறு பெண்களும், கயன் புளூஃபோர்டு உட்பட மூன்று கறுப்பினத்தவரும் இருந்தார்கள். ஒரு ரசிகர் மாநாட்டின் அரங்கிலிருந்து விண்வெளி வரை போன கோடு அது.

2007 இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுத்திய ‘ஜெரிக்கோ’ தொடருக்காக ரசிகர்கள் இருபது டன்னுக்கும் அதிகமான வேர்க்கடலையை நிலையத்துக்கு அனுப்பியதும் இந்த மரபில் வந்ததே. சரணடையச் சொன்ன ஜெர்மானியருக்கு 1944 இல் ஓர் அமெரிக்கத் தளபதி சொன்ன ‘நட்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் மறுமொழியை முதல் சீசனின் கடைசிக் காட்சியில் நாயகன் திருப்பிச் சொல்வான். அதே சொல் கடலையையும் குறிக்கும். நிலையம் இறங்கிவந்து ஏழு எபிசோட்களை எடுத்தது. ஏழோடு அது முடிந்தாலும், பாதியில் அறுந்து தொங்காமல் கதைக்கு ஒரு முடிவு கிடைத்தது.

சென்னையில் முதன்முறையாகக் காமிக் கான் 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. காஸ்ப்ளே செய்து, அதாவது தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களைப் போல வேடமிட்டு வந்தவர்களின் கவசங்களை நான் அருகில் நின்று பார்த்தேன். யோகா விரிப்பைப் போன்ற நுரைத் தகடுகளை வெட்டி, ஹீட் கன்னால் சூடுகாட்டி வளைத்து, பசையால் ஒட்டி, இரும்பு போலத் தோன்றும்படி வண்ணம் பூசியிருந்தார்கள். ஒரு கவசத்தின் தோள்பட்டையில், கதையில் அந்தப் பாத்திரம் எந்தச் சண்டையில் வாங்கியதோ அந்தக் கீறல் அதே கோணத்தில் வரையப்பட்டிருந்தது. கேட்டதும், எந்தக் காட்சியில் அது விழுந்தது என்று அதை அணிந்திருந்த இளைஞர் தயங்காமல் சொன்னார். திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்த அதே கண்கள்தான் இங்கே வேலை செய்திருக்கின்றன. கோபமாக வெளிப்பட்டாலும் கைவேலையாக வெளிப்பட்டாலும், படைப்பை முழுமையாக அறிந்தவரின் எதிர்வினையை நான் உடனே அடையாளம் கண்டுகொள்கிறேன்.

‘மாஸ் எஃபெக்ட்’ மூன்று பாகங்களும் 2021 மே மாதத்தில் புதுப்பிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அதில் இருக்கும் முடிவு 2012 மார்ச்சில் வந்தது அல்ல. ஜூனில் வந்த விரிவான முடிவு. புதிதாக விளையாடுபவர்கள் தோழர்களிடம் விடைபெறும் அந்தக் காட்சியை, தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்ததாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த பாகம் தயாராகி வருவதாக பயோவேர் 2020 நவம்பரில் அறிவித்தது. அதற்கடுத்த மாதம் வெளியிட்ட முன்னோட்டத்தில், பனி படர்ந்த கிரகத்தில் பழைய தோழி லியாரா, ஷெப்பர்டின் கவசத் துண்டு ஒன்றைக் கண்டெடுக்கிறாள். மூன்று வண்ண முடிவுகளில் எதை நடந்ததாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், ரன்னாக்கில் நாங்கள் செய்துவைத்த சமாதானம் அங்கே செல்லுபடியாகுமா, எங்கள் பழைய முடிவுகளை எந்த வழியில் உள்ளே கொண்டுவருவார்கள் என்பவை என் கேள்விகள். வெளியீட்டுக்கு முன் தரும் நேர்காணல்களில் அவர்கள் என்ன வாக்குக் கொடுக்கிறார்கள் என்பதை இம்முறை நான் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துக்கொள்ளப் போகிறேன்.